இறுகிய கார் எஞ்சினை வீட்டில் கழற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி ஓய்ந்து தை மாத வெயில் எறிக்கத் தொடங்கினால் மட்டக்களப்பில் எனக்கு அழைப்புகள் கூடிவிடும். வெள்ளத்தில் நின்ற கார், மூன்று நான்கு வருடம் தறப்பாளின் கீழ் கிடந்த கார், ரேடியேட்டர் காய்ந்தது தெரியாமல் செங்கலடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரை ஓட்டி வந்து நின்றுபோன கார். ஆள் வேறு, ஊர் வேறு, சந்தேகம் மட்டும் ஒன்றுதான். கேட்டவர்களின் வாயில் வந்தபடியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். நான் அதிகம் கைவைத்தது கொரோலா, சன்னி, மாருதி 800 போன்ற பழைய பெற்றோல் கார்களில்தான். மேலிருந்து வரிசையாக வாசியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

"எஞ்சின் ஜாம் எண்டா என்ன அண்ணன்? ஸ்டார்ட் ஆகாததும் அதுவும் ஒண்டுதானே?"

ஒன்றல்ல. ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் சுற்றும், ஆனால் பற்றாது. ஜாம் ஆன எஞ்சின் சுற்றவே சுற்றாது. உள்ளே பிஸ்டனோ பெயாரிங்கோ பிடித்துக்கொண்டு எஞ்சினின் நடு அச்சான கிராங்கை அசையவிடாது. சாவியைத் திருப்பும்போது "டக்" என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு வெளிச்சமும் மங்கினால் ஜாம் என்று சந்தேகிக்கலாம். "டக்டக்டக்" என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பற்றரி இறங்கியிருக்கும்.

நிச்சயப்படுத்த, கியரை நியூட்ரலில் விட்டு, கிராங்க் புலியின் (பெல்ட் ஓடும் சில்லு) நடு போல்ட்டில் சொக்கெட்டைப் போட்டுக் கையால் திருப்பிப் பாருங்கள். புலிக்கு நேரே நின்று பார்த்தால் அநேகமான எஞ்சின்கள் மணிக்கூட்டு முள் போகும் பக்கம் சுற்றும். பழைய ஹொண்டா எஞ்சின்கள் பலவற்றுக்கு மறுபக்கம். பக்கம் மாறித் திருப்பினால் எஞ்சின் அசையாமல் போல்ட் மட்டும் கழன்று வரும், அதை எஞ்சின் அசைந்ததாக நினைத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

"திருப்பிப் பாத்தன், அசையல்ல. அப்ப கழட்டத்தானே வேணும்?"

அவசரப்பட வேண்டாம். முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் திருப்புங்கள். ஏசி கொம்ப்ரஸரோ ஒல்டர்னேட்டரோ இறுகி நின்றாலும் எஞ்சின் இறுகியது போலத்தான் தெரியும். பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அதன் பல் எஞ்சினின் பின்பக்கம் சுற்றும் ஃபிளைவீலில் மாட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. அடுத்தது பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு தரம்.

இந்த மூன்றுக்கும் அரைநாள் போதும். இந்த அரைநாளைச் செலவழிக்காமல் எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தபின் கொம்ப்ரஸர்தான் இறுகியிருந்தது என்று கண்டுபிடித்த வீடுகளுக்கு நானே போயிருக்கிறேன். அவர்களின் உழைப்பை நினைத்தால் இப்போதும் மனம் பதறும்.

"வெள்ளத்துக்குள்ள நிண்ட கார் மச்சான். செக்கன் கியர்ல போட்டு நாலு பேர் தள்ளினா உசும்பும் எண்டு நினைக்கன்."

தயவுசெய்து தள்ளாதீர்கள், ஸ்டார்ட்டரும் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பலவந்தமாகச் சுற்றினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்டிங் ரொட் வளையும். ஒரு போத்தல் ஒயிலோடு முடிந்திருக்கக்கூடிய வேலை ஒரு எஞ்சின் செலவாகிவிடும்.

பற்றரியைக் கழற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளின் மேல் துணியைப் போட்டு, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். தண்ணீர் பீறிட்டு வெளியே வரும், முகத்தைத் தூரவே வைத்திருங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பிலும் தண்ணீர் இருக்கிறது, முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது விட வேண்டும்.

நாளைக் கடத்தாதீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயல் வெள்ளம் சேறும் நல்ல தண்ணீரும். வாவியை ஒட்டிய வீடுகளில் ஏறுவது உப்புக் கலந்த தண்ணீர். உப்புத் தண்ணீர் உள்ளே போன எஞ்சின் ஒரு கிழமைக்குள் துருப்பிடித்து உண்மையிலேயே இறுகிவிடும்.

"ஒயில் ஊத்தி வெச்சா தானா இளகும் எண்டு சொல்றாங்க. உண்மையா, இல்ல சும்மா கதையா?"

துருவால் இறுகிய எஞ்சினுக்கு உண்மை. நின்ற கார்களில் நடப்பது இதுதான்: ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடி நின்றிருக்கும், அந்த வழியே ஈரக்காற்று போய் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் ஒட்டவைத்துவிடும். கடற்கரைக் காற்றில் இது இன்னும் கெதியாக நடக்கும்.

ஒட்டோ கியர் ஒயிலும் மண்ணெண்ணெயும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் இரண்டு மேசைக்கரண்டி விடுங்கள். டீசல் எஞ்சின் என்றால் ஹீட்டர் பிளக்கைக் கழற்றி அந்த வழியே விடலாம். துணியால் மூடிவிட்டுக் குறைந்தது மூன்று நாள் தொடாதீர்கள். குறைந்தால் மீண்டும் விடுங்கள். அதன்பிறகு பவர் பாரில் (சொக்கெட்டுக்குப் போடும் நீண்ட பிடி) மெதுவாக இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். போல்ட் இளகுவது போலிருந்தால் நிறுத்துங்கள். பாருக்கு நீளமான பைப் போட்டு இரண்டு பேர் தொங்கும் வேலை வேண்டாம்.

கல்லடியில் ஒரு வீட்டில் கொரோலா ஒன்று ஐந்து வருடம் நின்றது. பையன் கட்டாருக்குப் போனவன், தகப்பன் வாரத்துக்கொரு தரம் தூசு துடைப்பாராம், பொனட் மட்டும் திறக்கவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரின் சுவரில் மட்டும், தேநீர்க் கோப்பையில் கறை பிடித்தது போல ஒரு மண்ணிற வளையம். ஒயில் விட்டோம். ஒவ்வொரு பின்னேரமும் நான் போய்ப் பாரைப் பிடித்துப் பார்ப்பேன், கல்லைப் பிடித்தது போலிருக்கும். ஆறாம் நாள் "நறுக்" என்றொரு சின்னச் சத்தம். பார் ஒரு பெருவிரல் அகலம் இறங்கியது. ஐயா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த எஞ்சின் கழற்றப்படவே இல்லை.

"இளகிட்டு. இனி சாவியப் போட்டு அடிக்கலாந்தானே?"

இன்னும் இல்லை. பிளக் இல்லாமலே கையால் பத்து இருபது சுற்று, பிறகு ஸ்டார்ட்டரால் சில செக்கன். உள்ளே விட்ட ஒயில் முழுக்க வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குச் சொன்ன அதே ஆபத்து ஒயிலாலும் வரும். சம்ப் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றியபின் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நாள் வெள்ளைப்புகை நிறைய வரும், பயப்பட வேண்டாம்.

"அப்ப எந்த எஞ்சினை கட்டாயம் கழட்டத்தான் வேணும்?"

ஓடிக்கொண்டிருக்கும்போது இறுகியதை. ஒயில் இல்லாமல் ஓடி பெயாரிங் கிராங்கோடு உருகிப் பிடித்தால் எந்தக் கலவையும் அந்த இடத்துக்குப் போய்ச்சேராது. சம்ப் ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடியுங்கள். வெள்ளி, செம்பு நிறத்தில் துகள் மினுங்கினால் பெயாரிங் போய்விட்டது என்று அர்த்தம்.

அளவுக்கு மீறிச் சூடாகிப் பிஸ்டன் பிடித்த எஞ்சினும் இதே வரிசைதான். சூடு ஆறியபின் சில வேளை சுற்றும், ஆனால் சிலிண்டர் சுவர் கீறுப்பட்டிருக்கும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் பல வீட்டுக் கிணற்றில் உவர்த் தண்ணீர். அதையே வருடக்கணக்காக ரேடியேட்டருக்கு விட்டால் உள்ளே துருவும் கல்லும் படிந்து தண்ணீர் ஓடும் வழி அடைபடும். இங்கே எஞ்சின் சூடாகி இறுகுவதற்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான்.

"வீட்டுலயே ரெண்டு பேர் சேந்து கழட்டலாமா? என்ன சாமான் வேணும்?"

நிதானம் இருந்தால் முடியும். 8 முதல் 19 மில்லிமீற்றர் வரை சொக்கெட்டும் ரிங் ஸ்பேனரும், பவர் பார், நல்ல ஜாக்கி, நான்கு ஸ்டாண்ட், 1 தொன் செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி). நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் பொதுவாக 100 முதல் 150 கிலோ இருக்கும். கியர்பொக்ஸும் சேர்ந்தால் 200 கிலோ வரை போகும். முதல் தரம் செய்பவர்கள் இரண்டு சனி ஞாயிறை ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகுதான் கை தவறும்.

ஹைபிரிட் கார் என்றால் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பெரிய பற்றரி பலவற்றில் 100 வோல்ட்டுக்கு மேலே. செம்மஞ்சள் நிற வயரைப் படித்தவர்கள்தான் தொட வேண்டும்.

"முத்தத்துல பெரிய மாமரம் நிக்குது. கொப்புல செயின் பிளாக்கக் கட்டினா என்ன?"

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். என் பதில் ஒருநாளும் மாறாது: கட்டாதீர்கள். மாமரத்துக் கொப்பு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வெடுக்கென்று முறியும். உள்ளே பூச்சி துளைத்து உக்கியிருப்பது வெளியே தெரியாது.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வளவில், தொடை மொத்தத்தில் ஒரு கொப்பு. வீட்டுக்காரரின் அப்பா காலத்திலிருந்து ஊஞ்சல் கட்டிய கொப்பாம். எஞ்சின் பொனட்டுக்கு மேலே ஒரு சாண் எழும்பியிருந்தது. கயிறு எடுக்கவென்று எங்கள் தம்பி ஒருவன் அப்போதுதான் கையை எடுத்துத் திரும்பினான். கொப்பின் அடியில் வெள்ளையாக ஒரு வெடிப்பு ஓடியதை நான் கண்டேன். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. எஞ்சின் மட்கார்டை நசித்துக்கொண்டு நிலத்தில் விழுந்தது. அவன் கை இருந்த இடம் அதுதான். அன்று கட்டச் சம்மதித்தவர்களில் நானும் ஒருவன். அதன்பிறகு எந்த மரத்திலும் கட்டவில்லை. போர்ட்டிகோவின் வளையிலும் தீராந்தியிலும் கட்டுவதும் இதே பிழைதான். அவை கூரைத் தகரத்தையும் ஓடுகளையும் தாங்கவே வைத்தவை.

தடித்த 2 அங்குல ஜீஐ பைப் மூன்றை, 10 அடி நீளத்தில், குழாய்க்கிணறு இறக்குபவர்களின் முக்காலி போல நிறுத்துங்கள். மேலே பொருத்தும் போல்ட் நல்ல தரமாக இருக்க வேண்டும். மூன்று காலின் அடியையும் ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டுங்கள், இல்லையென்றால் பாரம் ஏறும்போது கால் விரிந்துபோகும். கையால் பம்ப் அடிக்கும் கிரேன் வாடகைக்குக் கிடைத்தால் அதைவிட நல்லது. எதுவானாலும் எஞ்சினை ஒரு அங்குலம் மட்டும் உயர்த்திவிட்டு, எல்லோரும் விலகி நின்று பத்து நிமிடம் பாருங்கள். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே காலையும் கையையும் கொண்டுபோக வேண்டாம்.

"எங்கட வளவு முழுக்க மணல். ஜாக்கி புதையுதே?"

புதையும், அதோடு சரியும். ஒவ்வொரு ஸ்டாண்டின் கீழும் குறைந்தது 2 அங்குலத் தடிப்பில் ஒன்றரை அடிச் சதுரப் பலகை வையுங்கள். சீமெந்துக் கல் வேண்டாம், அது சொல்லாமல் வெடிக்கும். மணலை முதலில் தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்து இறுக்குங்கள். ஸ்டாண்டில் காரை இறக்கியபின் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இறக்கித் திரும்ப வையுங்கள். முக்காலியின் காலுக்கும் இதே பலகைதான். சில்லுள்ள கிரேன் மணலில் உருளாது, தடித்த பிளைவுட் இரண்டு விரித்துக்கொள்ளுங்கள்.

"எதுல தொடங்குறது? எல்லாம் வயரும் பைப்புமாக் கிடக்கு."

பற்றரியின் நெகட்டிவ் வயர் முதலில். பிறகு கூலன்ட், எஞ்சின் ஒயில், கியர் ஒயில் வடிப்பது. பொனட்டைக் கழற்றமுன் பிணைச்சலைச் சுற்றிப் பேனையால் கோடு போட்டால் திரும்பப் பூட்ட இலகு. ரேடியேட்டரைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள், செயின் ஆடும்போது முதலில் அடிபடுவது அதுதான். அதன்பின் ஹோஸ், வயர், எக்சோஸ்ட், முன்சில்லு இழுக்கும் காரென்றால் டிரைவ் ஷாஃப்ட். அதன் நட்டு பல ஜப்பான் கார்களில் 30 அல்லது 32 மில்லிமீற்றர். எஞ்சினைக் காரோடு பிடித்திருக்கும் மவுண்டிங் போல்ட் கடைசியில்தான், அதுவும் செயின் பாரத்தை வாங்கியபின்.

எங்கள் ஊரில் தயிர்ச்சட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு பகுதிக்கு ஒரு சட்டி. ஸ்டார்ட்டர் போல்ட் ஒரு சட்டியில், மவுண்டிங் ஒரு சட்டியில், சட்டியின் மேல் வெண்கட்டியால் பெயர். வயர் ஒவ்வொன்றையும் இழுக்கமுன் ஃபோனில் ஒரு படம், பிளாஸ்டரில் ஒரு இலக்கம், இரண்டும் வேண்டும். படத்தில் கறுப்பு வயர் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இஎஃப்ஐ கார்களில் (காபரேட்டர் இல்லாமல் பெற்றோலைப் பீச்சுபவை) பெற்றோல் லைனில் அமுக்கம் நிற்கும். வழமையில் பம்ப் ஃபியூஸை இழுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டு அந்த அமுக்கத்தை இறக்குவார்கள். இறுகிய எஞ்சின் ஓடாதே. ஆகவே எஞ்சின் ஆறியிருக்கும்போது, டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, லைனைச் சுற்றித் தடித்த துணியைப் பிடித்து, நட்டை மெதுவாக இளக்குங்கள். கண்ணாடி போடுங்கள். பக்கத்தில் அடுப்பும் சிகரெட்டும் இருக்கக் கூடாது.

"ஏசி பைப்ப வெட்டி விட்டா வேலை லேசுதானே?"

வெட்டாதீர்கள். காஸ் திரவமாகச் சீறி வந்தால் தோலையும் கண்ணையும் உறையவைத்துவிடும். அநேகமான கார்களில் கொம்ப்ரஸரை மட்டும் எஞ்சினிலிருந்து விடுவித்து, பைப்போடு ஒரு பக்கமாகக் கயிற்றால் கட்டிவைக்கலாம். இடமில்லை என்றால் ஏசி வேலைகாரரைக் கூப்பிட்டு காஸை இறக்குங்கள்.

"எக்சோஸ்ட் நட்டு துருப்பிடிச்சுக் கழருதே இல்ல. தலை வழுக்கிட்டு."

வேலை தொடங்க இரண்டு நாள் முன்பே துரு ஒயில் அடித்துவைக்க வேண்டிய இடம் இது. அறுகோணச் சொக்கெட்டையே பாவியுங்கள், பன்னிரண்டு முனை உள்ளது தலையை வழுக்கவைக்கும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்து, துரு உடைந்தபின் கழற்றும் பக்கம் திருப்புங்கள். சூடு காட்டுவது பலன் தரும், ஆனால் மேலே சொன்ன பெற்றோல் லைன் பக்கத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். கழரவே இல்லையென்றால் மெனிஃபோல்டை எஞ்சினோடு விட்டுவிட்டு, கீழே பைப் சேரும் இடத்தில் பிரியுங்கள்.

"ஒட்டோ கியர் கார் அண்ணன். கொன்வேட்டர் போல்ட் ஒண்டுதான் தெரியுது, மத்ததுக்கு எஞ்சினைச் சுத்தோணும். அது சுத்துதே இல்ல. என்ன செய்ய?"

இறுகிய எஞ்சினில் சிக்கலான இடம் இதுதான். மெனுவல் கியரில் இந்தப் பிரச்சினை இல்லை. கிளட்ச் ஃபிளைவீலோடு நிற்கும், கியர்பொக்ஸ் நேராக வழுக்கி வெளியே வரும். ஒட்டோவில், எஞ்சினின் சுற்றைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டரை எஞ்சினின் பின்னாலுள்ள ஃபிளெக்ஸ் பிளேட்டோடு பல போல்ட் பிடித்திருக்கும். சின்ன ஜன்னல் வழியே ஒவ்வொன்றாகக் கழற்ற கிராங்க் சுற்ற வேண்டும். துருவால் இறுகியதென்றால் மேலே சொன்ன ஒயில் வைத்தியத்துக்கு இன்னும் ஒரு கிழமை கொடுங்கள். எஞ்சினைக் காப்பாற்ற இல்லாவிட்டாலும் இந்த போல்ட்டுக்காகவாவது பிரயோசனப்படும்.

அசையவே இல்லையென்றால் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாகவே வெளியே எடுங்கள். நிலத்தில் பலகையில் வைத்து, இரண்டும் சேரும் இடத்திலுள்ள பெல் ஹவுசிங் போல்ட்டைக் கழற்றி, கியர்பொக்ஸை நேராகப் பின்னுக்கு இழுங்கள். கொன்வேட்டர் எஞ்சினோடு நிற்கும். ஒயில் கொட்டும், கீழே தட்டு வையுங்கள். கியர்பொக்ஸின் பாரத்தை ஷாஃப்டில் தொங்கவிடாதீர்கள். ஒயில் கசியாமல் தடுக்கும் முன்பக்கச் சீல் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது முதலில் கொன்வேட்டரைக் கியர்பொக்ஸுக்குள் அமர்த்துங்கள். தள்ளித் தள்ளிச் சுற்ற "டொக், டொக்" என்று படிப்படியாக உள்ளே இறங்கும். முழுதாக இறங்காமல் எஞ்சினோடு சேர்த்து இறுக்கினால் கியர்பொக்ஸின் ஒயில் பம்ப் உடையும். நல்ல கியர்பொக்ஸை இப்படி இழந்தவர்கள் உண்டு.

"மேலால தூக்குறதா, கீழால இறக்குறதா?"

பின்சில்லு ஓடும் பழைய கொரோலா, சன்னிக்கு மேலால்தான். கியர்பொக்ஸோடு எடுத்தால் முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து சரிவாக வர வேண்டும், ஆகவே இரு செயின் நுனியின் நீளமும் வேறுவேறாக இருக்கட்டும். எஞ்சினை மட்டும் எடுத்தால் கியர்பொக்ஸின் கீழே ஜாக்கியும் பலகையும் வேண்டும். முன்சில்லுக் கார்கள் சிலவற்றைக் கீழால் இறக்குவது இலகு, ஆனால் காரை நன்றாக உயர்த்த வேண்டும். மணல் வளவில் அதை நான் செய்யச் சொல்வதில்லை.

"வடிச்ச ஒயிலக் கொண்டுபோய் வேலிக்கரையில ஊத்தினாக் காணுந்தானே?"

நம் மணல் வளவில் பத்துப் பதினைந்து அடியில் தண்ணீர். வேலிக்கரையில் ஊற்றுவது உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும்தான் போய்ச்சேரும். மூடியுள்ள கலனில் சேர்த்து, பழைய ஒயில் வாங்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் குடித்தால் செத்துப்போகும். திறந்த பாத்திரத்தில் ஒரு இரவும் வைக்காதீர்கள்.

"கழட்டின எஞ்சினைச் செய்யிறதா, பஞ்சிகாவத்தையில வேற ஒண்டு எடுக்கிறதா?"

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகமுன், கிராங்கையும் சிலிண்டரையும் லேத் பட்டறையில் அளந்து பார்த்து முடிவெடுங்கள். கிராங்க் அரைக்க இடமிருந்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் கிடைத்தால் செய்யலாம். பிளொக் வெடித்திருந்தாலோ ரொட் வளைந்திருந்தாலோ ரீகண்டிஷன் எஞ்சினே புத்தி. வாங்க நேரில் போங்கள். கையால் சுற்றிப் பாருங்கள், பிளக் ஓட்டையில் டோர்ச் அடியுங்கள், ஒயில் மூடியின் உட்பக்கம் பாலாடை போலிருந்தால் விட்டுவிடுங்கள்.

எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. எஞ்சின் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்ற வேண்டும். வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அது இல்லாமல் விற்கும்போது அலைவீர்கள்.

"காசு சேரும் வரைக்கும் எஞ்சினைக் கழட்டி வெச்சிட்டு ஆறு மாசம் விடலாமா?"

விடலாம், வடிவாக மூடினால். இன்டேக், எக்சோஸ்ட், பிளக் ஓட்டை எல்லாவற்றிலும் சுத்தமான துணியை அடைத்து, மேலே பிளாஸ்டரால் ஒட்டுங்கள். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று, ஒரு பின்னேரத்திலேயே மணல் உள்ளே போய்விடும். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, எஞ்சினை நிலத்தில் வைக்காமல் பழைய ரயரின் மேல் வைத்துத் தறப்பாளால் கட்டுங்கள். காரின் முன்பக்கம் பாரம் குறைந்து எழும்பியிருக்கும், ஸ்டாண்டைத் திரும்பச் சரிபார்த்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். அடைத்த துணிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைத் தயிர்ச்சட்டி ஒன்றின் மேல் எழுதிவிடுங்கள். திரும்பப் பூட்டும் நாளில் அத்தனையும் வெளியே வந்ததா என்று பார்க்க வேண்டும்.